லாக்டேட் மேல் விழுந்த பழி

குளுக்கோஸை உடைத்து ஆற்றலை எடுக்கும் வேலை செல்லின் சைட்டோபிளாசத்தில் தொடங்குகிறது. ஆறு கார்பன் கொண்ட ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு, பத்து வினைகள் அடங்கிய கிளைக்காலிசிஸ் என்னும் பாதையில் படிப்படியாக மாறி, மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாகிறது. செல்லுக்கு இதில் நிகரமாகக் கிடைப்பது, அது நேரடியாகச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. இரண்டு. அதற்கு மேல் என்ன நடக்கிறது என்ற கேள்விக்குப் பள்ளிப் பாடநூல் முதல் உடற்பயிற்சிக் கூடம் வரை ஒரே விடைதான் சொல்லப்படுகிறது. ஆக்சிஜன் இருந்தால் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் முழுமையாக எரியும். ஆக்சிஜன் போதாவிட்டால் லாக்டிக் அமிலமாக மாறித் தசையில் தேங்கும். அந்த அமிலம்தான் களைப்பையும் தசைப்பிடிப்பையும் மறுநாள் வலியையும் தருகிறது. அது உடல் ஒழித்துக்கட்ட வேண்டிய கழிவு.

இந்த விடையின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. ஓரிரு சொற்களைத் திருத்தினால் சரியாகிவிடும் தவறும் அல்ல. லாக்டேட், அதாவது லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம், கழிவு அல்ல. ஆக்சிஜன் பற்றாக்குறையால் மட்டும் உண்டாவதும் அல்ல. களைப்புக்கு அது காரணம் என்பது நிறுவப்படவில்லை. மறுநாள் வலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இதற்கான சான்றுகளில் சில ஏறத்தாழ நூறு ஆண்டு பழையவை. அவை வகுப்பறைக்கு வந்து சேராததுதான் வியப்பு.

முதலில் கழிவு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மோல் குளுக்கோஸ் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 2,840 கிலோஜூல். அதே குளுக்கோஸ் இரண்டு மோல் லாக்டேட்டாக மாறும்போது வெளிப்படுவது சுமார் 184 கிலோஜூல்தான். அதாவது நூற்றில் ஏழு பங்குகூட வெளியே வரவில்லை. தொண்ணூற்று மூன்று பங்குக்கு மேல் லாக்டேட்டுக்குள்ளேயே இருக்கிறது. யூரியாவும் கார்பன் டை ஆக்சைடும் கழிவுகள். உடலால் அவற்றிலிருந்து ஆற்றல் எதையும் எடுக்க முடியாது, வெளியேற்றத்தான் முடியும். லாக்டேட்டை அந்த வரிசையில் வைப்பதற்கு வேதியியலில் எந்த அடிப்படையும் கிடையாது.

அப்படியானால் செல் ஏன் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுகிறது? கிளைக்காலிசிஸின் ஆறாவது வினையில் என்.ஏ.டி. என்ற துணை நொதி எலக்ட்ரான்களை ஏற்று என்.ஏ.டி.எச். ஆகிறது. செல்லிடம் உள்ள என்.ஏ.டி. மிகக் குறைவு. எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டவை அவற்றை உடனுக்குடன் வேறெங்காவது கொடுத்துவிட்டுத் திரும்பாவிட்டால் ஆறாவது வினை நின்றுபோகும். அதோடு பாதை முழுவதும் நின்றுபோகும். எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவிடம் சேர்ப்பது ஒரு வழி. பைருவேட்டிடம் கொடுத்து அதை லாக்டேட்டாக்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வேலையைச் செய்வது லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி. தசையில் இந்த நொதி ஏராளமாக இருக்கிறது, அதன் சமநிலையும் லாக்டேட்டின் பக்கமே வெகுவாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே கிளைக்காலிசிஸ் ஓடும் இடமெல்லாம் லாக்டேட் உண்டாகிறது. ஓய்விலும்கூட இரத்தத்தில் பைருவேட்டைப் போலப் பத்து மடங்கு லாக்டேட் இருக்கிறது. அதே நொதி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். லாக்டேட் வந்து சேரும் செல்லில் அது மறுபடி பைருவேட்டாகி, எலக்ட்ரான்களையும் திருப்பித் தந்து, மைட்டோகாண்ட்ரியாவில் எரிகிறது.

இவ்வளவு தெளிவான வேதியியல் இருந்தும் பழி எப்படி வந்தது? அதன் வரலாறு தவளைக் கால்களில் இருக்கிறது. கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1780-இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சீலியஸ் வேட்டையாடப்பட்ட மான்களின் தசையில் அதைக் கண்டார். உழைத்த தசையில் அது கூடுதலாக இருப்பதாகக் கருதினார். 1907-இல் கேம்பிரிட்ஜில் வால்டர் பிளெட்சரும் பிரெடெரிக் கவுலண்ட் ஹாப்கின்ஸும் முறையான சோதனையைச் செய்தனர். தவளைத் தசையை நறுக்கி அரைக்கும்போதே லாக்டிக் அமிலம் உண்டாகி அளவைக் குழப்புகிறது என்பதை அறிந்து, குளிரவைத்த ஆல்கஹாலில் தசையை இட்டு வினைகளை நிறுத்தினர். களைத்த தசையில் லாக்டிக் அமிலம் ஏறியிருந்தது. அதே தசையை ஆக்சிஜனில் வைத்தபோது அது மறைந்தது. 1920-களில் ஆட்டோ மேயர்ஹோஃப், ஏ. வி. ஹில் இருவரும் இதன் மேல் ஒரு பெரிய கோட்பாட்டைக் கட்டினர்: லாக்டிக் அமிலம் உண்டாவதே தசை சுருங்கக் காரணம், ஓட்டத்துக்குப் பின் நீண்ட நேரம் மூச்சு வாங்குவது அந்த அமிலத்தை அகற்றும் ‘ஆக்சிஜன் கடன்’. 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

அவர்களின் அளவீடுகள் மிகத் துல்லியமானவை. குறை வேறிடத்தில் இருந்தது. உடலிலிருந்து வெட்டி எடுத்த தசைக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அதில் உண்டாகும் லாக்டேட்டுக்குப் போக்கிடமும் கிடையாது. இதயமும் கல்லீரலும் இல்லாத ஓர் அமைப்பில் லாக்டேட் தேங்கிக் கிடப்பதைப் பார்த்து, உயிருள்ள உடலிலும் அதற்குத் தேங்கிக் கிடப்பதுதான் இயல்பு என்று முடிவு கட்டப்பட்டது. களைப்பும் லாக்டேட்டும் ஒரே நேரத்தில் ஏறியதால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அறிவியலிலும் நடக்கும்.

கோட்பாட்டின் அடித்தளம் மிக விரைவில் உடைந்தது. கோபன்ஹேகனில் ஐனர் லுண்ட்ஸ்கார்ட் 1930-இல் அயோடோஅசிட்டிக் அமிலத்தால் கிளைக்காலிசிஸை நிறுத்திய தசைகளைத் தூண்டிப் பார்த்தார். லாக்டிக் அமிலம் துளியும் உண்டாகாமலே அவை சுருங்கின; குறைந்தது கிரியாட்டின் பாஸ்பேட். அந்தக் கிரியாட்டின் பாஸ்பேட்டை 1927-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். 1929-இல் தசையில் ஏ.டி.பி.யை ஜெர்மனியில் கார்ல் லோமானும், ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தனித்தனியாகக் கண்டனர். தசையைச் சுருக்குவது ஏ.டி.பி., அதை நொடியில் ஈடுசெய்வது கிரியாட்டின் பாஸ்பேட் என்ற படம் இவ்வாறு உருவானது. ஹில் தம் பழைய கோட்பாடு விழுந்ததை வெளிப்படையாக ஏற்று, இதைத் தசை உடலியலின் புரட்சி என்று எழுதினார். 1933-இல் ஹார்வர்டில் மார்கரியா, எட்வர்ட்ஸ், டில் மூவரும் ஆக்சிஜன் கடனின் ஒரு பகுதிக்கு லாக்டிக் அமிலத்தோடு தொடர்பே இல்லை என்று காட்டினர். கோட்பாட்டைக் கட்டியவரே கைவிட்ட பிறகும் அதன் எச்சம் பாடநூல்களில் தங்கிவிட்டது.

ஆக்சிஜன் போதாமையால்தான் லாக்டேட் உண்டாகிறது என்ற கூற்றுக்கு வருவோம். இரத்தச் சிவப்பணுவே முதல் எதிர்ச்சான்று. உடல் முழுவதற்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் செல் அது. ஆக்சிஜனுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. எனவே அது தன் வாழ்நாள் முழுவதும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றியே வாழ்கிறது. தோல், மூளை, குடல், தசை எல்லாம் ஓய்விலும் கொஞ்சம் லாக்டேட்டைத் தருகின்றன. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில், ஓடாமல் ஆடாமல் இருக்கும் நாளிலேயே சுமார் 1,400 மில்லிமோல், அதாவது 120 கிராமுக்கும் மேல் லாக்டேட் உண்டாகிறது. அவ்வளவும் அன்றே பயன்பட்டுவிடுவதால்தான் இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவிலேயே நிற்கிறது.

கடும் உழைப்பின்போது தசைக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறதா என்பதையும் நேரடியாக அளந்திருக்கிறார்கள். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும் மயோகுளோபினில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் காந்த அதிர்வு முறையால் அறியலாம். ரிச்சர்ட்சனும் சக ஆய்வாளர்களும் 1998-இல் மனிதர்களின் தொடைத் தசையில் இதை அளந்தனர். வேலைப்பளு ஏற ஏறத் தசையிலிருந்து வெளிவரும் லாக்டேட் கூடிக்கொண்டே போனது. செல்லுக்குள் ஆக்சிஜன் அழுத்தமோ ஒரு நிலைக்குப் பின் குறையாமல் அப்படியே நின்றது. லாக்டேட் ஏறுவதற்கான காரணம் வேறு: வேகமாக ஓடும்போது ஏ.டி.பி. தேவை நொடியில் பன்மடங்காகிறது, அட்ரினலின் சுரந்து, குளுக்கோஸின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனின் உடைப்பைத் தூண்டுகிறது, கிளைக்காலிசிஸ் மைட்டோகாண்ட்ரியாவின் வேகத்தை விஞ்சுகிறது. உபரிப் பைருவேட் லாக்டேட்டாகிறது. ‘காற்றில்லா சுவாசம்’ என்று இதற்குப் பெயர் வைப்பது, ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அது இல்லை என்று மாணவரிடம் சொல்வதாகும். உடற்பயிற்சி மருத்துவத்தில் 1964 முதல் புழங்கிவரும் ‘காற்றில்லா வாசல்’ என்ற சொல்லும் இதே பிழையைச் சுமக்கிறது. அந்த அளவீடு பயிற்சியாளர்களுக்குப் பயன்படுகிறது, அதன் பெயர் சொல்லும் காரணம்தான் பொய். மூச்சை முழுமையாக அடைத்தாலோ இரத்த ஓட்டம் நின்றாலோ லாக்டேட் ஏறும் என்பது உண்மையே. ஆக்சிஜன் பற்றாக்குறை லாக்டேட்டை ஏற்றும். ஆனால் லாக்டேட் ஏறியதைக் கொண்டு ஆக்சிஜன் பற்றாக்குறை என்று முடிவு செய்ய முடியாது.

அமிலம் என்ற பெயரே பாதிப் பழிக்குக் காரணம். லாக்டிக் அமிலத்தின் அயனியாக்க மதிப்பு (pKa) 3.86. தசையின் இயல்பான அமில-காரநிலை (pH) 7-ஐ ஒட்டியது. மிகக் கடுமையான ஓட்டத்திலும் 6.5 அளவுக்கே இறங்கும். அந்த நிலையில்கூட ஆயிரத்தில் இரண்டு மூன்று மூலக்கூறுகளே அமில வடிவில் இருக்கும். மற்றவை எல்லாம் லாக்டேட் அயனிகள். தசையில் லாக்டிக் அமிலம் குளம்போலத் தேங்குகிறது என்ற காட்சிக்கு இடமே இல்லை.

தசை அமிலத்தன்மை அடைவது மட்டும் உண்மை. அந்த ஹைட்ரஜன் அயனிகள் எங்கிருந்து வருகின்றன? பைருவேட்டை லாக்டேட்டாக்கும் வினை ஒரு ஹைட்ரஜன் அயனியை உள்வாங்குகிறதே தவிர வெளிவிடுவதில்லை. ஏ.டி.பி. உடையும்போதுதான் அவை வெளிவருகின்றன. குளுக்கோஸ் லாக்டேட்டாவதையும் அதில் கிடைத்த ஏ.டி.பி. செலவாவதையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டு லாக்டேட்டும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளும் மிஞ்சும். அதனால்தான் இரண்டும் கைகோத்து ஏறுகின்றன. இந்தக் கணக்கை எப்படி எழுதுவது என்பதில் 2004 முதல் உடலியலாளர்களிடையே கடுமையான வாதம் நடந்துவருகிறது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் ஒரு செய்தி மாறாது. லாக்டேட்டைத் தசை செல்லிலிருந்து வெளியே கடத்தும் புரதங்கள் ஒவ்வொரு லாக்டேட்டுடனும் ஒரு ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தே கொண்டுபோகின்றன. தசையின் அமிலத்தன்மையைக் குறைக்கும் வழிகளில் லாக்டேட்டும் ஒன்று.

களைப்பைப் பற்றி இயற்கையே ஒரு சோதனையைச் செய்து காட்டியிருக்கிறது. 1951-இல் லண்டனில் பிரையன் மெக்ஆர்டில் ஒரு நோயாளியை விவரித்தார். அவருடைய தசையால் உழைப்பின்போது லாக்டேட்டை உண்டாக்க முடியவில்லை. தசையின் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி அந்த நோயில் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. லாக்டிக் அமிலம்தான் களைப்பையும் பிடிப்பையும் தருகிறது என்றால் இந்த நோயாளிகள் களைக்கவே கூடாது, பிடிப்பும் வரக் கூடாது. நடப்பது நேர்மாறு: சிறிது உழைத்ததும் களைக்கிறார்கள், தசை பிடித்துக்கொள்கிறது, வலியால் துடிக்கிறார்கள். பாடநூல் வரியை மறுக்க இந்த ஒரு நோயே போதும்.

களைப்புக்கு உண்மையான காரணிகள் பல. கிரியாட்டின் பாஸ்பேட் உடையும்போது சேரும் பாஸ்பேட் தசை இழைகளின் விசையையும் கால்சிய வெளியீட்டையும் குறைக்கிறது. பொட்டாசியம் செல்லுக்கு வெளியே கசிந்து தசையின் மின்தூண்டலை மங்கவைக்கிறது. நீண்ட ஓட்டத்தில் கிளைக்கோஜன் தீர்ந்துபோகிறது. மூளையும் தன் பங்குக்கு விசையை அடக்குகிறது. ஹைட்ரஜன் அயனிகளுக்கும் இதில் பங்கு உண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை. குளிர்ந்த நிலையில் செய்த பழைய சோதனைகள் அமிலம் விசையை வெகுவாகக் குறைப்பதாகக் காட்டின; உடல் வெப்பத்தை நெருங்கியபோது அந்த விளைவு பெரும்பாலும் மறைந்தது; பாஸ்பேட்டோடு சேரும்போது மறுபடி தலைகாட்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல், பொட்டாசியத்தால் சோர்ந்த எலித் தசைகளில் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்தபோது இழந்த விசை பெருமளவு மீண்டதைக் கண்டனர். இத்தனை சிக்கலான ஒரு நிகழ்வை ஒரு மூலக்கூறின் தலையில் கட்டுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

மறுநாள் வலியைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. 400 மீட்டர் ஓடி முடித்தவரின் இரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 15 மில்லிமோலைத் தாண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வலியோ ஒன்று முதல் மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வருகிறது. 1983-இல் ஷ்வேனும் சக ஆய்வாளர்களும் ஒரே ஆட்களைச் சமதளத்திலும் இறக்கத்திலும் ஓடவிட்டுப் பார்த்தனர். சமதள ஓட்டத்தில் லாக்டேட் ஏறியது, வலி வரவில்லை. இறக்க ஓட்டத்தில் லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே விசை தருகிறது. அப்போது இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு அழற்சி தொடர்கிறது. இந்த வலி கிழிசலால் வருவது என்று தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதியிருந்தார். தசையைப் பிடித்துவிட்டு ‘லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுவதாக’ச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள், அன்றே எரிந்து முடிந்த ஒன்றை மறுநாள் தேடுகிறார்கள்.

உண்டான லாக்டேட் எங்கே போகிறது என்பதுதான் இந்தப் பொருளின் மிக அழகான பகுதி, அதுவே பாடங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் 1929-இல் முன்வைத்த சுழற்சியில், தசையின் லாக்டேட் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து மறுபடி குளுக்கோஸாகித் தசைக்கே திரும்புகிறது. 1947-இல் நோபல் பரிசு பெற்ற தம்பதி இவர்கள். பாடநூல்கள் இதைக் குறிப்பிடும்போதுகூட, கழிவைக் கல்லீரல் சுத்தம் செய்வதுபோல எழுதுகின்றன. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களில் கதிரியக்க அடையாளமிட்ட லாக்டேட்டைப் பின்தொடர்ந்தார். உழைப்பின்போது அதில் சுமார் நான்கில் மூன்று பங்கு நேரடியாக எரிபொருளாக எரிந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி குளுக்கோஸாக மாறியது. வெளுத்த தசை இழைகள் வெளிவிடும் லாக்டேட்டை அருகிலுள்ள சிவந்த இழைகள் எடுத்துக்கொள்கின்றன. ஓடுபவரின் இதயம் இரத்தத்திலிருந்து லாக்டேட்டை விரும்பி எடுத்து எரிக்கிறது. புரூக்ஸ் இதற்கு லாக்டேட் பரிமாற்றம் என்ற கருத்தை வகுத்தார். தொடக்கத்தில் அவரை நம்பியவர்கள் சிலரே.

2017-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று எலிகளின் இரத்தத்தில் ஒவ்வோர் எரிபொருளும் என்ன வேகத்தில் புழங்குகிறது என்று அளந்தது. உண்ட நிலையில் லாக்டேட்டின் புழக்கம் குளுக்கோஸைவிட 1.1 மடங்கு, பட்டினியில் 2.5 மடங்கு. இது மூலக்கூறு எண்ணிக்கை. லாக்டேட்டில் மூன்று கார்பன், குளுக்கோஸில் ஆறு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் முடிவு வலுவானது. பட்டினியில் இருந்த எலிகளின் பெரும்பாலான திசுக்களில் குளுக்கோஸின் கார்பன் மைட்டோகாண்ட்ரியாவின் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் நுழைந்தது முக்கியமாக லாக்டேட் வழியாகத்தான். மூளை மட்டுமே தெளிவான விலக்கு. ஒரு செல்லுக்குள்ளேயே குளுக்கோஸ் தொடங்கி கார்பன் டை ஆக்சைடில் முடிவதாகப் பாடப்படங்கள் வரைகின்றன. உயிருள்ள உடலில் முதல் பாதி ஒரு செல்லிலும் மறுபாதி இன்னொரு செல்லிலும் நடக்கிறது. நடுவில் பயணம் செய்வது லாக்டேட்.

மருத்துவர்கள் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு எழலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த லாக்டேட் ஏறினால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து. அப்படியிருக்க அதைத் தீங்கற்றது என்பது எப்படி? லாக்டேட் அளவு ஆபத்தின் நம்பகமான அறிகுறி. அதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் கிருமித் தொற்று முற்றிய நோயாளியிடம் அது ஏறுவதில் அட்ரினலின் தூண்டிய கிளைக்காலிசிஸுக்கும், லாக்டேட்டை எடுத்துப் பயன்படுத்தும் கல்லீரலின் தளர்ச்சிக்கும் பெரும் பங்கு உண்டு. ஆபத்து அடிப்படை நோயில் இருக்கிறது. அதே மருத்துவமனையில் வயிற்றுப்போக்கோடு வருபவருக்கு ஏற்றப்படும் ஆர்.எல். பாட்டிலை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ரிங்கர் லாக்டேட் என்பது அதன் முழுப்பெயர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930-களின் தொடக்கத்தில், நீரிழப்பாலும் அமிலத்தன்மையாலும் வாடிய குழந்தைகளுக்காக ரிங்கர் கரைசலில் சோடியம் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்றைய பாட்டிலில் லிட்டருக்கு 28 மில்லிமோல் லாக்டேட் இருக்கிறது. ஓய்விலுள்ள இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு. உடல் அதை எரிக்கும்போது இரத்தத்தில் பைகார்பனேட் கூடி அமிலத்தன்மை குறைகிறது. கழிவு என்று வகுப்பில் சொல்லப்படுவதைத்தான் வார்டில் நரம்பு வழியே ஏற்றுகிறார்கள்.

பாடநூல் எழுதுபவர்களும் ஆசிரியர்களும் செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. ‘லாக்டிக் அமிலம் தேங்குவதால் தசைப்பிடிப்பும் களைப்பும் உண்டாகின்றன’ என்ற வரியை நீக்க வேண்டும். அந்த இடத்தில், வேகமாக உழைக்கும் தசை லாக்டேட்டை உண்டாக்குகிறது, இதயமும் பிற தசைகளும் அதை எரிக்கின்றன, கல்லீரல் அதைக் குளுக்கோஸாக மாற்றுகிறது என்று எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவருக்கு இது பழைய வரியைவிடக் கடினமானது அல்ல. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் இதைச் செய்துவிட முடியும்.